ஒரு தடவைதான் கேட்பார்கள்

பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்சி
செப்டம்பர் 8, 2024

அன்புள்ள ஸ்வர்ணா,

நான் சௌக்கியம். நீயும் மகாதேவனும் அதிதியும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா?

போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் நீ அழுகிறாய், நான் வெடுக்கென்று ஏதாவது சொல்லிவிடுகிறேன். அம்மா போன பிறகு நடுவில் இருந்து பேச்சை மாற்ற ஆளில்லை. ஆகவே உன் யோசனைப்படியே ஈமெயிலில் எழுதுகிறேன். தமிழில் தட்டச்சு செய்ய நேரம் பிடிக்கிறது. ஒரு விதத்தில் நல்லதுதான்.

எங்கள் மருந்துக் கம்பெனியை உங்கள் ஸ்வீடன்காரர்கள் வாங்கியதைச் சொல்லியிருந்தேன் அல்லவா? புது மேலாளர் லென்னார்ட் வந்துவிட்டார். ஆறரை அடி உயரம், மெல்லிய குரல். வந்ததும் அவர் செய்த முதல் சீர்திருத்தம், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் காபி குடிக்க வேண்டும் என்பது. ஃபீக்காவாம். காபி குடிப்பதற்கு ஒரு பெயரும் ஒரு தத்துவமும் தேவைப்படும் என்று நான் நினைத்ததே இல்லை. கும்பகோணத்தில் இதை யாராவது புத்தகமாகப் போட்டு விற்றிருந்தால் நாமும் முன்னேறியிருப்போம்.

இங்கே இப்போது எல்லாமே ஸ்வீடன்தான். என் பக்கத்து மேஜைப் பெண் போன சனிக்கிழமை ரயிலேறி நியூயார்க் போய், ஒரு ஸ்வீடிஷ் மிட்டாய்க் கடை வரிசையில் மணிக்கணக்காக நின்று ஒரு பை மிட்டாய் வாங்கி வந்தாள். எனக்கு ஒன்று நீட்டினாள். நான் பையைத் திருப்பி மாட்டெலும்பு ஜெலட்டின் இருக்கிறதா என்று பார்த்தேன். "ஹம்சா, யூ ஆர் நோ ஃபன்" என்றாள்.

நிஜமாகவே அங்கே எல்லோரும் இப்படித்தான் இருக்கிறீர்களா, அல்லது இதெல்லாம் ஏற்றுமதிக்கு மட்டுமா?

வருடாந்திரப் பரிசோதனையில் கழுத்தில் சின்னக் கட்டி ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். டாக்டர்கள் எதையாவது கண்டுபிடிக்கத்தானே இருக்கிறார்கள். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

அன்புடன்,
ஹம்சா


உப்சாலா, ஸ்வீடன்
செப்டம்பர் 14, 2024

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூவரும் நலம். அதிதிக்கு மட்டும் ஜலதோஷம். முதலில் இதற்குப் பதில் சொல்: என்ன கட்டி? எங்கே? எவ்வளவு பெரியது? நீ கடைசிப் பத்தியில் எழுதுவதைத்தான் நான் முதலில் படிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஃபீக்கா ஏற்றுமதிச் சரக்கு இல்லை அக்கா. நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளிச் சமையலறையில் காலை ஒன்பதரைக்கும் மதியம் இரண்டரைக்கும் உண்டு. எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி நின்றுகொண்டிருந்தால் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். மிட்டாயும் நிஜம். ஆனால் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மட்டும்தான். ஒரு மிட்டாயை வைத்துக்கொண்டு இங்கே ஒரு வாரம் முழுக்கக் காத்திருக்கப் பழக்குகிறார்கள். உங்கள் ஊர் வரிசையைப் பற்றி அதிதியிடம் சொன்னேன். "அவர்களுக்கு வீட்டுப் பக்கத்தில் கடை இல்லையா?" என்று கேட்டாள்.

வந்த புதிதில் நடந்ததை உன்னிடம் சொன்னதே இல்லை. எதிர்வீட்டு குன்வோர் என்னைக் காபிக்குக் கூப்பிட்டாள். தட்டு நிறைய ஏலக்காய் பன். வீடெல்லாம் நம் வீட்டுப் பாயச வாசனை. "எடுத்துக்கொள்" என்றாள். நான் வழக்கம்போல, "ஐயோ, வேண்டாம், இப்பதான் சாப்பிட்டேன்" என்றேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவள் தலையாட்டிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். அடுத்த ஒரு மணி நேரம் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே அவளுடைய மகனின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். வீட்டுக்கு வந்து மோர் சாதம் சாப்பிடும்போது அழுகை வந்தது.

இங்கே ஒரு தடவைதான் கேட்பார்கள். நாம் சொல்கிற பதிலை நம்பிவிடுவார்கள். அதற்குப் பெயர் மரியாதை என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது பழகிவிட்டது. வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். நிம்மதியாகத்தான் இருக்கிறது.

கட்டியைப் பற்றி எழுது.

உன் ஸ்வர்ணா


பிளெய்ன்ஸ்பரோ
அக்டோபர் 13, 2024

அன்புள்ள ஸ்வர்ணா,

அதிதிக்கு ஜலதோஷம் தேவலையா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆபீஸில் வேலை.

குன்வோர் கதையைப் படித்துச் சிரித்தேன். பிறகு, அப்படி ஒரு அண்டைவீட்டுக்காரி எனக்கு வாய்க்கவில்லையே என்று பொறாமைப்பட்டேன். எனக்குக் கீழ்வீட்டில் கலாவதி என்று ஒருத்தர் வந்திருக்கிறார், பொள்ளாச்சிப் பக்கம். புருஷனுக்கு ஐடி வேலை, இவர் ஒரு டேகேரில் பார்க்கிறார். எனக்கு நாலைந்து வயது இளையவராக இருக்கலாம். நான் தனியாக இருக்கிறேன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கதவைத் தட்டல்தான்.

"ஏனுங்க, அரிசிம்பருப்பு செஞ்சேன். ஒரு வாய் சாப்புடுங்க."

"வேண்டாம்மா, சாப்டாச்சு."

"சாப்புட்டா என்னங்க, ஒரே ஒரு கரண்டி."

"இல்ல, நிஜமாவே வயிறு ஃபுல்லா இருக்கு."

"உங்க வயித்தப் பாத்தா ரெண்டு நாளாக் காஞ்ச மாதிரியல்லங்க இருக்குது. பாத்திரத்த வெச்சுட்டுப் போறேன், ராத்திரிக்கு ஆச்சு."

வைத்துவிட்டுப் போய்விட்டார். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் உட்காரச் சொல்கிறார். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று நானும் ஏதாவது வாங்க ஐசலின் இந்தியக் கடைத்தெரு வரை போக வேண்டியிருக்கிறது. போன வாரம் விடாமல் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு எலிசபெத் நகரில் இருக்கும் அந்தப் பெரிய ஸ்வீடிஷ் மரச்சாமான் கடைக்குப் போனார். அங்கே காய்கறி உருண்டையும் சிவப்பாக ஒரு பழ ஜாமும் சாப்பிட்டோம். கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் எடுத்துத் தட்டில் வைத்தார். ஜாமை நக்கிப் பார்த்துவிட்டு, "தொக்குத்தானுங்க இது. உப்புக் காரம் போட மறந்துட்டானுக" என்றார். ஸ்வீடனைப் பற்றி இதுவரை நான் கேட்டதில் உருப்படியான கருத்து அதுதான்.

கட்டி தைராய்டில். ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் தெளிவாக ஒன்றும் சொல்ல முடியவில்லையாம். சுரப்பியில் பாதியை வெட்டி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். நவம்பர் 19. காலையில் போனால் சாயங்காலம் வீடு. ஆனால் மயக்க மருந்து கொடுப்பதால், பொறுப்புள்ள ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப்போய், அன்று இரவு கூடவே இருக்க வேண்டுமாம். வாடகைக் காரில் தனியாகப் போக விடமாட்டார்களாம். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு ஒரு கார்டியன்!

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஹம்சா


உப்சாலா
அக்டோபர் 14, 2024

அன்புள்ள அக்கா,

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நான் வரட்டுமா?

சமையலறையில் இரண்டு வாரம் லீவு கேட்டால் தருவார்கள். அதிதியை மகாதேவன் பார்த்துக்கொள்வார். என் பழைய அமெரிக்க விசா நவம்பர் கடைசி வரை செல்லும். பதினேழாம் தேதி அங்கே இருப்பேன்.

ஆமாம் அல்லது இல்லை என்று எழுது. டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஸ்வர்ணா


பிளெய்ன்ஸ்பரோ
நவம்பர் 2, 2024

அன்புள்ள ஸ்வர்ணா,

தீபாவளி வாழ்த்துகள். அங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா? நான் வேலைக்குப் போய்விட்டேன்.

நீ வர வேண்டாம். இதற்காக அட்லாண்டிக்கைத் தாண்டி வருவார்களா? சின்ன ஆபரேஷன். அதிதிக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, உனக்கு வேலை இருக்கிறது, நவம்பரில் இங்கே பார்க்கவும் ஒன்றுமில்லை, இலைகூட உதிர்ந்துவிட்டது. வீண் அலைச்சல். இங்கே எல்லா ஏற்பாடும் ஆகிவிடும்.

உன்னிடம் கற்ற ஸ்வீடிஷ் பாடத்தைக் கலாவதியிடம் பயன்படுத்திவிட்டேன். தீபாவளியன்று கை நிறையப் பலகாரத்தோடு வந்து நின்றார். "கலாவதி, தப்பா நெனச்சுக்காதீங்க. நான் வேண்டாம்னு சொன்னா நிஜமாவே வேண்டாம்னுதான் அர்த்தம். இனிமே கொண்டுவராதீங்க, ப்ளீஸ்" என்றேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அதன்பிறகு கதவு தட்டப்படவில்லை. நீ சொன்னது போல நிம்மதியாகத்தான் இருக்கிறது.

மகாதேவனை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ஹம்சா


உப்சாலா
நவம்பர் 5, 2024

அன்புள்ள அக்கா,

சரி. நீ வேண்டாம் என்றால் நான் வற்புறுத்தவில்லை. ஏற்பாடு ஆகிவிட்டது என்று தெரிந்ததில் எனக்கும் பாரம் குறைந்தது.

டிசம்பர் 13 லூசியாப் பண்டிகைக்குப் பொறுப்பு எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகள் வெள்ளை அங்கி போட்டு, தலையில் விளக்கோடு, காலை இருட்டில் பாடிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கெல்லாம் குங்குமப்பூ பன் நான்தான் செய்யப்போகிறேன். குங்குமப்பூவைப் பாலில் ஊறவைக்க வேண்டும் என்று நான் சொன்னபோது தலைமைச் சமையல்காரி என்னைப் புதிதாகப் பார்த்தாள். அதிதிக்கு இந்த வருஷம் லூசியாவாக நிற்க ஆசை. இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஜன்னலில் விளக்கு வைத்திருக்கிறோம்.

ஆபரேஷன் முடிந்ததும் ஒரு வரி எழுது.

உன் ஸ்வர்ணா


பிளெய்ன்ஸ்பரோ
டிசம்பர் 8, 2024

அன்புள்ள ஸ்வர்ணா,

நலம். உன் நான்கு செய்திகளும் வந்தன. பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஆபரேஷன் நடக்கவில்லை. தேதி மாறிவிட்டது. ஜனவரி 28. இங்கத்திய ஆஸ்பத்திரிகளின் நடைமுறை அப்படி.

வெள்ளிக்கிழமை ஃபீக்காவுக்குப் பலகாரம் கொண்டுவருவது என் முறை. உன் குறிப்புப்படி ஏலக்காய் பன் செய்தேன். மாவு எழும்பவில்லை. லென்னார்ட் ஒன்று எடுத்துக் கடித்து, வெகுநேரம் மென்று, "ஏலக்காய் இருக்கிறது" என்றார். ஏலக்காய் மிகவும் ஸ்வீடிஷ் என்று மற்றவர்களுக்கு விளக்கினார். போடிநாயக்கனூரைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. பன்னில் பாதி மிஞ்சியது. வீட்டுக்குக் கொண்டுவந்து கீழ்வீட்டில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவர்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. தட்டவில்லை.

லூசியா நல்லபடி நடக்கட்டும்.

ஹம்சா


உப்சாலா
டிசம்பர் 9, 2024

அக்கா,

உன்னுடன் ஆஸ்பத்திரிக்கு வருவதாக இருந்தது யார்? மூன்று கடிதத்தில் ஒரு பெயரைக்கூட நீ எழுதவில்லை.

ஸ்வர்ணா


பிளெய்ன்ஸ்பரோ
டிசம்பர் 22, 2024

அன்புள்ள ஸ்வர்ணா,

அதிதியின் லூசியாப் படம் பார்த்தேன். அம்மாவின் நெற்றி அப்படியே இருக்கிறது.

யாரும் வருவதாக இருக்கவில்லை. தனியாகப் போனேன். யாராவது கேட்டால் தோழி வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லி, முடிந்ததும் நழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கவுனை மாட்டிக்கொண்டு, கையில் ஊசி குத்திப் படுத்திருந்தபோது நர்ஸ் வந்து அந்தத் தோழியின் போன் நம்பரைக் கேட்டாள். நம்பர் இல்லை. "உங்களுக்கு யாருமே இல்லையா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, படிவத்தில் அடுத்த கட்டத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். கையிலிருந்து ஊசியை எடுத்துப் பஞ்சை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். ராமசுப்ரமணியனுடன் விவாகரத்துக்குக் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றுகூட நான் இப்படிப் பார்க்கிங்கில் உட்கார்ந்திருக்கவில்லை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை லென்னார்ட் கேட்டார். "மருத்துவ விடுப்பு எடுத்திருக்கிறீர்கள். ஏதாவது உதவி வேண்டுமா?" நான் வேண்டாம் என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுக் காபியை ஊற்றிக்கொண்டார். அந்த ஊர்க்காரர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆனால் நீ, ஸ்வர்ணா? நம் வீட்டில் யார் முதல் தடவையிலேயே சரி என்றார்கள்? இட்லி வேண்டுமா என்றால்கூட வேண்டாம் என்போம், அம்மா இரண்டைப் போட்டுவிட்டுத்தான் போவாள். நான் எழுதிய கடிதத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எத்தனை காரணம் அடுக்கியிருக்கிறேன்! வேண்டாம் என்று நினைப்பவள் இலை உதிர்ந்ததைப் பற்றியெல்லாம் எழுதுவாளா? நீ "சரி" என்று எழுதியதைப் பார்த்து, நிஜமாகச் சொல்கிறேன், உன் அடுத்த கடிதத்துக்காக ஒரு வாரம் காத்திருந்தேன்.

ஜனவரி 28க்கு நீ வர வேண்டும். வா.

ஹம்சா


உப்சாலா
டிசம்பர் 23, 2024

என் அக்கா,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். மகாதேவன் என்ன ஆயிற்று என்று கேட்டார், கடிதத்தையே நீட்டினேன்.

என்னால் வர முடியாது. என் விசா நவம்பரோடு முடிந்துவிட்டது. இன்று காலை புதிதாக விண்ணப்பிக்கப் பார்த்தேன். நேர்காணலுக்கு ஜூன் மாதம்தான் தேதி இருக்கிறது. அவசரத் தேதி கேட்டு எழுதியிருக்கிறேன். நம்பிக்கை இல்லை.

இரண்டாவது தடவை கேட்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. நீ எழுதிய காரணங்களை ஒவ்வொன்றாகப் படித்து, ஆமாம், நியாயம்தான் என்று தலையாட்டினேன். எனக்கு இங்கே பதினோரு வருஷம் ஆகிறது. அதிதி பசியில்லை என்றால் தட்டை எடுத்துவிடுகிறேன்.

அங்கே யாரிடமாவது கேள் அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன். கீழ்வீட்டில் கேள்.

ஸ்வர்ணா


பிளெய்ன்ஸ்பரோ
ஜனவரி 29, 2025

அன்புள்ள ஸ்வர்ணா,

ஆபரேஷன் முடிந்தது. வலி பொறுக்கும்படி இருக்கிறது. எடுத்த கட்டியின் முடிவு தெரியப் பத்து நாள் ஆகுமாம். நீ அனுப்பிய செய்திகளை எல்லாம் இப்போதுதான் பார்த்தேன். நீங்கள் மூவரும் நலம்தானே?

கீழ்வீட்டில் கேட்பதற்கு எனக்கு நான்கு வாரம் பிடித்தது. படிக்கட்டில் இரண்டு தடவை எதிரே பார்த்தேன். கலாவதி சிரித்தார், "சௌக்கியங்களா?" என்றார், போய்விட்டார். நான் சொன்னதை அவர் அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தார். போன வாரம் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே கூப்பிட்டார். காபி வேண்டுமா என்று கேட்டார், ஒரே ஒரு தடவை. வேண்டாம் என்று வழக்கம்போல வாயில் வந்துவிட்டது. அவர் கொடுக்கவில்லை. சரியான தண்டனை. பிறகு நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். முடிக்கும் முன்பே, "எத்தன மணிக்குப் பொறப்படோணுங்க?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

காலை ஐந்தரைக்கு வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவரைப் பார்த்து, நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். "சிஸ்டர்" என்றார் கலாவதி, யோசிக்காமல். நர்ஸ் எழுதிக்கொண்டாள். நான் திருத்தவில்லை. இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து சோபாவில் படுக்கவைத்தார். கஞ்சி வைத்துக் கொடுத்தார். மாத்திரைகளை வரிசையாக எடுத்துவைத்தார். செல்போனை என் கைக்கு எட்டும்படி நகர்த்தினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே போய் நின்றார்.

"அப்ப நான் கெளம்பட்டுங்களா? ராத்திரி ஆள் இருக்கோணும்னாங்க. உங்களுக்குத் தொந்தரவா இருந்தா வேண்டாங்க. கீழதான் இருக்கறேன், ஒரு போன் போட்டாப் போதும்."

போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது தொண்டை வரை வந்தது. தொண்டையில்தான் கட்டுப் போட்டிருக்கிறதே. மூச்சை இழுத்து, "இருங்க" என்றேன். குரல் எழும்பவில்லை. அவர் கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பி, "என்னங்க?" என்றார்.

இரண்டாவது தடவையும் சொன்னேன்.

அதிதிக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
ஹம்சா